நேர் விகித அட்டவணையில காலிக் கட்டம் நிரப்புறது – பொண்ணுக்கு எப்படி புரிய வைக்கிறது?

கொடுமுடி_கவிதா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஏழாவது படிக்கிறா, தமிழ் மீடியம். நேர் விகிதம் (ஒண்ணு எத்தனை மடங்காகுதோ இன்னொண்ணும் அத்தனை மடங்காகறது) பாடத்துல அட்டவணை குடுத்து காலியா இருக்கிற கட்டத்தை நிரப்ப சொல்றாங்கல்ல, அதுல தான் மாட்டிக்கிட்டு நிக்கிறா. ஒரு பைக் எத்தனை லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு ஒரு கணக்கு:

லிட்டர்: 2 | 5 | ___ | 12
கிமீ: 90 | ___ | 360 | ___

இதுல 5க்கு கீழ 93னு எழுதியிருக்கா. கேட்டா "2லருந்து 5க்கு 3 கூடுதும்மா, அப்ப கீழயும் 3 கூட்டணும்ல"ங்கறா. அதே மாதிரி 12க்கு கீழ 100. 360க்கு மேல என்ன வரும்னு தெரியாம அதை அப்படியே விட்டுட்டா. ஆனா பாருங்க, ஒரு பேனா 8 ரூபா 6 பேனா எவ்வளவுன்னா பட்டுனு 48ங்கறா, 2 கிலோ 90 ரூபான்னா 4 கிலோ எவ்வளவுன்னு கேட்டா 180னும் சரியா சொல்லிடறா. அட்டவணையா போட்டு நடுவுல எடக்கு மடக்கா நம்பர் குடுத்தா மட்டும் கூட்டல்ல போய் விழுந்துடறா. டியூஷன்ல குறுக்குப் பெருக்கல் சொல்லிக் குடுத்திருக்காங்க, அது மனப்பாடமா வருது, ஆனா எதை எதோட பெருக்கறோம் ஏன் பெருக்கறோம்னு கேட்டா முழிக்கிறா. விடை எனக்குத் தெரியும், அவளுக்கு அது ஏன்னு புரியற மாதிரி எப்படி சொல்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

ராம்ஜி87

சிஸ்டர் இதுக்கு இவ்ளோ டென்ஷன் வேணாம். 2/90 = 5/x, குறுக்கா பெருக்கினா 2x = 450, x = 225. அடுத்தது 2/90 = x/360, 90x = 720, x = 8. கடைசி 12 x 90 / 2 = 540. இந்த ஸ்டெப்ப பத்து கணக்குக்கு போட வைங்க தானா வந்துடும். எக்ஸாம்ல இதுக்குத் தான் மார்க்.

கொடுமுடி_கவிதா

நன்றிங்ணா, இதைத் தான் டியூஷன்லயும் போடறாங்க. பிரச்சனை என்னன்னா அதே பாடத்துல அடுத்து எதிர் விகிதம் வருது, ஆள் கூடினா நாள் குறையும் கணக்கு, அதுக்கும் அதே மாதிரி குறுக்கா பெருக்கி வெச்சுடறா. எந்த அட்டவணைக்கு எதுன்னு அவளுக்கே தெரியல, அதான் கேட்டேன்.

எட்டாம்வகுப்பு_டீச்சர்

கவிதா, நான் கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறு ஏழு எட்டு மூணு கிளாஸுக்கும் கணக்கு எடுக்கறேன், உங்க பொண்ணு போட்ட அதே 93ஐ வருஷா வருஷம் பாக்கறேன். இது கவனக்குறைவு இல்லம்மா. ஒண்ணாவதுலருந்து அஞ்சாவது வரைக்கும் 5, 8, 11, அடுத்து என்னன்னு வரிசை கணக்கு போட்டு போட்டு, நம்பர் வரிசையா இருந்தாலே "எவ்வளவு கூடுது"ன்னு தான் கண்ணு தேடும். பேனா கணக்குல ஒண்ணோட விலைய குடுத்துட்டாங்க, 4 கிலோவுல டபுள்னு பாத்ததும் தெரிஞ்சுது. 2லருந்து 5 முழு மடங்கு இல்ல, ரெண்டரை மடங்கு. அந்த எடத்துல வழி தெரியாம பழைய கூட்டலுக்கு திரும்பிப் போறா. அதனால தப்புன்னு அடிச்சுட்டு சரியான விடைய எழுதிக் குடுக்காதீங்க, அவ போட்ட ரூலையே இன்னும் ரெண்டு கட்டத்துக்கு ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க.

எப்படின்னா, அட்டவணைக்கு இடது பக்கம் புதுசா கட்டம் போடுங்க. 2 லிட்டருக்கு 90ன்னா அவ ரூல் படி 1 லிட்டருக்கு 89 வரும். 0 லிட்டருக்கு 88 வரும். டேங்க்ல சொட்டு பெட்ரோல் இல்லாம வண்டி 88 கிலோமீட்டர் போகுதுன்னு அவ கையாலயே எழுதட்டும், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வலது பக்கமும் பாக்கச் சொல்லுங்க, முதல் 2 லிட்டர்ல 90 கிமீ போன வண்டி இன்னும் 3 லிட்டர் ஊத்தினா வெறும் 3 கிமீ தான் கூட போகுமான்னு. இந்த ரெண்டு கேள்விய கேட்டதும் பெரும்பாலான பசங்க அவங்களே அழிச்சுடுவாங்க.

அப்புறம் சரியான வழிக்கு வாங்க. அட்டவணைய ரெண்டு விதமா படிக்கலாம், ரெண்டும் அவளுக்குத் தெரியணும்.

ஒண்ணு பக்கவாட்டுல. 2க்கு 90, பாதியாக்கினா 1க்கு 45. டபுளாக்கினா 4க்கு 180. இப்ப 4ஐயும் 1ஐயும் சேத்தா 5, அப்ப 180ஐயும் 45ஐயும் சேத்தா 225. கவனிச்சீங்களா, இங்கயும் கூட்டல் தான் நடக்குது! ஆனா ஒரு கட்டத்தை முழுசா, மேல கீழ ரெண்டையும் சேத்து இன்னொரு கட்டத்தோட கூட்டறோம். 3ங்கற தனி நம்பரை மேல கீழ ரெண்டுலயும் ஒட்ட வைக்கல, 3 லிட்டரோட அதுக்குண்டான 135 கிலோமீட்டரும் சேந்து தான் வரும். அவளுக்கு கூட்டல் தான் கை வந்த வழின்னா அதை பிடுங்காம இப்படி திருத்திக் குடுக்கலாம், என் கிளாஸ்ல இது நல்லா எடுபடுது.

ரெண்டாவது மேலருந்து கீழ. ஒவ்வொரு கட்டத்துலயும் கீழ இருக்கறத மேல இருக்கறதால வகுத்தா ஒரே நம்பர் வரணும், இங்க 45. அந்த 45 சும்மா நம்பர் இல்ல, "ஒரு லிட்டருக்கு 45 கிமீ", அதாவது வண்டியோட மைலேஜ். வெறும் 45னு எழுத விடாதீங்க, பக்கத்துல கிமீ/லிட்டர்னு எழுத வைங்க. அதுக்கப்புறம் 12க்கு கீழ 12 x 45 = 540, 360க்கு மேல 360 ÷ 45 = 8. மூணாவது கட்டத்தை அவ விட்டதுக்கு காரணம் அங்க கீழருந்து மேல திரும்பி வரணும், கூட்டல் ரூல்ல அதுக்கு வழி தெரியல. மைலேஜ்னு பேர் வெச்சுட்டா 360 கிமீ போக எத்தனை லிட்டர் வேணும்னு தானா வகுப்பா. இல்ல பக்கவாட்டுல பாத்தாலும் சரி, 90ஐ 4 மடங்காக்கினா 360, அப்ப 2ஐயும் 4 மடங்காக்கு, 8.

குறுக்குப் பெருக்கல் தப்புன்னு சொல்லல ராம்ஜி சார், அது கடைசியில வரட்டும். முதல்லயே குடுத்துட்டா ரெண்டு வரிசைக்கும் என்ன உறவுன்னு பசங்க பாக்கறதே இல்ல.

சைட்_முருகேசன்

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. நான் பில்டிங் சைட்ல சூப்பர்வைசர், இந்தக் கூட்டல் விவகாரத்தை பெரியவங்களே பண்றத கண்ணால பாக்கறோம். 1:2:4 காங்கிரீட்னா ஒரு பங்கு சிமெண்ட், ரெண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. 50 கிலோ மூட்டை ஒண்ணு கொள்ளளவுல ஏறக்குறைய 35 லிட்டர், சைட்ல அதை ஒண்ணேகால் கன அடின்னு வெச்சுக்குவோம், அந்த அளவுக்கே பெட்டி அடிச்சு வெச்சிருப்போம். மூட்டை ஒண்ணுக்கு 2 பெட்டி மணல், 4 பெட்டி ஜல்லி. மூட்டை ரெண்டுன்னா 4 பெட்டி, 8 பெட்டி. அரை மூட்டைன்னா 1 பெட்டி, 2 பெட்டி. புதுசா வர்ற பையன் ஒருத்தன் "ஒரு மூட்டை கூட போட்டேன் அதனால மணல்ல ஒண்ணு ஜல்லில ஒண்ணு கூட போட்டேன்"னு 2 மூட்டைக்கு 3 பெட்டி மணல் 5 பெட்டி ஜல்லின்னு கலக்கிட்டு நின்னான்னு வைங்க, அது 1:2:4 இல்ல, 1:1.5:2.5. சிமெண்ட் தேவைக்கு மேல போகுது, காசு தண்டம், சிமெண்ட் ஓவரானா காய்றப்ப சுருங்கி வெடிப்பு விடறதுக்கும் வாய்ப்பு அதிகம். உங்க பொண்ணுகிட்ட மூட்டை 1, 2, 3, அரை, ஒண்ணரைன்னு மேல எழுதி கீழ ரெண்டு வரிசை, மணலுக்கு ஒண்ணு ஜல்லிக்கு ஒண்ணுன்னு அட்டவணை போட வைங்க. ஒண்ணரை மூட்டைக்கு 3 பெட்டி மணல் 6 பெட்டி ஜல்லின்னு அவளா சொல்லிட்டான்னா புடிச்சுட்டான்னு அர்த்தம். கூட்டல்ல போய் விழற புள்ளைங்களுக்கு அந்த ஒண்ணரை தான் டெஸ்ட்.

ஆதி_இயற்பியல்

எல்லாரும் நிரப்பறதப் பத்தி சொல்லிட்டீங்க, நான் அதுக்கு முன்னாடி ஒரு படி சொல்றேன். அட்டவணைய பாத்ததும் இது நேர் விகிதமா இல்லயான்னு பாக்கப் பழக்குங்க. நான் பிளஸ் ஒன் பசங்களுக்கு லேப் எடுக்கறேன், அங்க வந்தும் இதுல தான் தடுமாறுறாங்க.

சென்னை ஆட்டோவ எடுத்துக்கோங்க. 2013ல அரசு அறிவிச்ச கட்டணம் முதல் 1.8 கிமீக்கு 25 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு கிமீக்கும் 12 ரூபா. இதை அட்டவணை போட்டா:

கிமீ: 1.8 | 3.6 | 5.4
ரூபா: 25 | 46.60 | 68.20

தூரம் டபுள் ஆச்சு, காசு 50 ஆகல. ஒவ்வொரு கட்டத்துக்கும் 21.60 சீரா கூடுது, ஆனா வகுத்துப் பாத்தா முதல் கட்டத்துல கிமீக்கு 13.89, அடுத்து 12.94, அடுத்து 12.63, குறைஞ்சுக்கிட்டே போகுது. ஆக சீரா கூடுறது வேற, நேர் விகிதம் வேற. வித்தியாசம் ஒரே மாதிரி இருக்கேன்னு பாத்து ஏமாந்துடக் கூடாது, வகுத்தா ஒரே நம்பர் வருதான்னு தான் பாக்கணும். கரண்ட் பில்லும் அப்படித்தான், வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம்கறதால யூனிட் டபுள் ஆனா பில் டபுள் ஆகாது.

லேப்ல ஸ்பிரிங் பரிசோதனை இன்னும் அழகு. ஒரு ஸ்பிரிங் சும்மா தொங்கறப்ப 12 செமீ, 100 கிராம் மாட்டினா 14, 200 மாட்டினா 16, 300 மாட்டினா 18னு வைங்க. எடைக்கும் மொத்த நீளத்துக்கும் வகுத்துப் பாருங்க, ஒத்து வராது. அதே அட்டவணையில 12ஐ கழிச்சுட்டு நீட்சிய மட்டும் எழுதுங்க: 100க்கு 2, 200க்கு 4, 300க்கு 6. இப்ப பக்காவா நேர் விகிதம். மொத்த நீளத்தை எழுதின பையனுக்கு 0 கிராமுக்கு 12 செமீ, நீட்சிய எழுதினவனுக்கு 0க்கு 0. டீச்சர் சொன்ன அந்த பூஜ்யம் கட்டம் இங்கயும் காட்டிக் குடுத்துடுது பாருங்க. பூஜ்யத்துக்கு பூஜ்யம் வந்தா மட்டும் போதாது, மத்த கட்டத்துலயும் வகுத்தா ஒரே நம்பர் வரணும், ஆனா பூஜ்யத்துக்கு வேற ஏதாவது வந்துச்சுன்னா அங்கயே முடிவு பண்ணிடலாம், அது நேர் விகிதம் இல்ல.

ராம்ஜி87

ஆட்டோ உதாரணம் செம சார். அந்த டேபிளுக்கு குறுக்குப் பெருக்கல் போட்டா 3.6க்கு 50னு தப்பா தான் வரும், ஃபார்முலா தன்னால அதை சொல்லாது. டீச்சர் சொன்ன ஆர்டர் தான் சரின்னு படுது.

கொடுமுடி_கவிதா

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சாயங்காலம் உக்காந்து இடது பக்கம் கட்டம் போட வெச்சேன். 89 எழுதினா, 88 எழுதினா, அப்புறம் பென்சிலை கடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பாத்துட்டு "அம்மா பெட்ரோலே இல்லயே இது எப்படி போகும்"னு அவளே அழிச்சுட்டா. 1க்கு 45னு கண்டுபிடிச்சதும் மத்த கட்டமெல்லாம் கடகடன்னு போட்டுட்டா. முருகேசன் அண்ணா குடுத்த ஒண்ணரை மூட்டையும் சரியா சொன்னா.

ஆனா அடுத்த கணக்குல திரும்ப நின்னுட்டா, இதான் அது:

4 | 6 | ___ | 10
6 | 9 | 13.5 | ___

இதுல 6ஐ 4ஆல வகுக்கறதா 4ஐ 6ஆல வகுக்கறதான்னு கேக்கறா. பைக்குன்னா மைலேஜ்னு தெரிஞ்சுது, இதுல வெறும் நம்பர் தான் இருக்கு. அப்புறம் எதிர் விகிதம் அட்டவணைய பாத்ததும் எப்படி கண்டுபிடிக்கிறதுன்னும் சொல்லிடுங்க டீச்சர்.

எட்டாம்வகுப்பு_டீச்சர்

88ஐ அவளே அழிச்சது ரொம்ப சந்தோஷம்மா.

எதை எதால வகுத்தாலும் சரி தான், ஆனா ஒரு அட்டவணைக்கு ஒரே திசையில போகணும். கீழ ÷ மேலன்னு ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் கீழ ÷ மேல. 6 ÷ 4 = 1.5, 9 ÷ 6 = 1.5. அப்ப கீழ இருக்கறது எப்பவும் மேல இருக்கறதோட ஒண்ணரை மடங்கு. 10க்கு கீழ 15. 13.5க்கு மேல 13.5 ÷ 1.5 = 9. தசமத்துல வகுக்க கஷ்டப்பட்டா வேற வழி காட்டுங்க, 4க்கு 6ன்னா 2க்கு 3. 2க்கு 3ன்னு ஒரு கட்டம் கையில கிடைச்சா போதும், 8க்கு 12, 10க்கு 15, நடுவுல 1க்கு ஒண்ணரை சேத்தா 9க்கு 13.5. இந்தக் கணக்குல இன்னொரு விஷயமும் இருக்கு, 4லருந்து 6க்கு 2 கூடுது, 6லருந்து 9க்கு 3 கூடுது. கூட்டறதும் அதே 2க்கு 3 தான்! இதை அவகிட்ட காட்டுங்க, பசங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

நம்பர் மட்டும் குடுத்திருந்தா அவளையே ஒரு கதை வெச்சுக்கச் சொல்லுங்க, 4 முழம் பூ 6 ரூபான்னு வெச்சா கூட போதும், விலை நம்ம ஊர் விலையா இருக்கணும்னு அவசியமில்ல. கதை வந்துட்டா 1.5க்கு ஒரு பேர் வந்துடும்.

எதிர் விகிதத்துக்கு: 4 ஆள் 12 நாள், 6 ஆள் 8 நாள், 8 ஆள் 6 நாள். வகுத்துப் பாத்தா 3, அப்புறம் 1.33, அப்புறம் 0.75, ஒத்து வரல. பெருக்கிப் பாருங்க, 48, 48, 48. அந்த 48க்கும் பேர் இருக்கு, மொத்தம் 48 ஆள்நாள் வேலை. பூஜ்யம் கட்டம் போட்டா இங்க நிரப்பவே முடியாது, 0 ஆள் வெச்சா வேலை என்னைக்கும் முடியாது. மேல ஏறும்போது கீழ இறங்குதுன்னு பாத்த உடனே எதிர் விகிதம்னு எழுதிடறாங்க பசங்க, அது மட்டும் போதாது. 100 பக்கப் புக்குல படிச்சது 10, 20, 30ன்னா மீதி 90, 80, 70. ஒண்ணு ஏற ஒண்ணு இறங்குது, ஆனா பெருக்கினா 900, 1600, 2100. இது ரெண்டும் இல்ல. இந்த மாதிரி ரெண்டுலயும் சேராத அட்டவணையும் நடுவுல கலந்து குடுங்க, அப்பதான் யோசிச்சு போடுவா.

வளையல்கடை_ஃபாத்திமா

டீச்சர், பசங்க தானே அளந்து நிரப்பற மாதிரி ஒரு அட்டவணை என்கிட்ட இருக்கு, என் தங்கச்சி பையனுக்கு கடையில வெச்சே காட்டினேன். வளையல்ல உள்பக்க விட்டத்தை ஸ்கேல்ல அளக்கறது, உள்சுத்தை ஒரு பேப்பர் பட்டைய வளைச்சு வெச்சு அளக்கறது. 2.4 சைஸ்ல விட்டம் 5.7 செமீ சுத்து ஏறக்குறைய 18, 2.6ல விட்டம் 6 சுத்து 19, 2.8ல விட்டம் 6.35 சுத்து 20. எதை வகுத்தாலும் 3.1, 3.2க்குள்ள நிக்கும். ஒரு எச்சரிக்கை, சைஸ் நம்பரையே விட்டம்னு எடுத்துடாதீங்க. 2.4ங்கறது தசமம் இல்ல, 2 இஞ்சும் பதினாறுல 4 பாகமும், அதாவது ரெண்டேகால் இஞ்ச். 2.8ங்கறது ரெண்டரை இஞ்ச். தசமம்னு நெனச்சு வகுத்தா கணக்கு உதைக்கும்.

எட்டாம்வகுப்பு_டீச்சர்

அருமைங்க ஃபாத்திமா, இது எனக்குப் புதுசு, கிளாஸ்ல செய்யப் போறேன். கவிதா, அளந்து எழுதற அட்டவணையில நம்பர் அச்சா ஒண்ணா வராது, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அதைப் பாத்து பொண்ணு குழம்பக் கூடாது. புக்கு அட்டவணையில மட்டும் தான் அப்படியே வரும்.

பத்தாவது_பையன்_அப்பா

இடையில வர்றேன், மன்னிக்கணும். என் பையன் பத்தாவது, இந்த அட்டவணை தான் அங்க 8 மார்க் வரைபடக் கேள்வியா வருது. மணிக்கு 50 கிமீ வேகத்துல போற பஸ், மாறிலி (வகுத்தா மாறாம வர்ற நம்பர்) என்ன, 90 நிமிஷத்துல எவ்வளவு தூரம், 300 கிமீக்கு எவ்வளவு நேரம்கற மாதிரி. 1க்கு 50, 2க்கு 100, 3க்கு 150ன்னு அட்டவணை ஒழுங்கா போட்டுட்டு 90ஐ அப்படியே 50ஆல பெருக்கி 4500 கிமீன்னு எழுதறான். (0, 0) புள்ளிய குறிக்கணுமா வேணாமான்னும் அவனுக்கு சந்தேகம்.

ஆதி_இயற்பியல்

சார், மேல் வரிசைக்கு தலைப்புல "நேரம் (மணி)"னு எழுதற பழக்கம் வந்தாலே 90ஐ அந்த வரிசைல வைக்க கை வராது, 1.5னு மாத்தி தான் வைப்பான், 75 கிமீ வந்துடும். 300 கிமீக்கு 6 மணி நேரம். அட்டவணைய 3 மணியோட நிறுத்தாம 6 வரைக்கும் போடச் சொல்லுங்க, அப்பதான் கோடு 300 வரைக்கும் போகும், விடைய வரைபடத்துலருந்தே படிக்க முடியும். அளவுத்திட்டம் x அச்சுல 1 செமீக்கு 1 மணி, y அச்சுல 1 செமீக்கு 50 கிமீ வெச்சா தாள்ல அடங்கிடும், அதை மூலையில எழுத மறக்க வேணாம். (0, 0) கண்டிப்பா குறிக்கச் சொல்லுங்க, பஸ் கிளம்பறப்ப நேரமும் 0 தூரமும் 0, கோடு அங்கருந்து தான் கிளம்பணும். அவன் போட்ட கோடு ஆதிப்புள்ளி வழியா போகலன்னா ஏதோ ஒரு கட்டம் தப்பு, வரைபடத்தை அழிக்கறதுக்கு முன்னாடி அட்டவணைக்குப் போய் ஒவ்வொண்ணையும் வகுத்துப் பாக்கட்டும்.